முல்லோயாப் போராட்டமும் மக்கள் உளவியலும்: ஒரு மறுநோக்கு

மக்கள் ஏன் போராட்டத்தில் இணைகின்றனர் என்ற வினாவுக்கு இரு விடைகள் எம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. வெளியார் தூண்டுதல் என்பது தோட்ட உடைமையாளரின் விடை. பசி என்பது முற்போக்காளரின் விடை. கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தின் வரலாற்றைக் கொண்டு இவ்விரண்டையும் நாம் பரிசீலிக்கலாம்.

ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் நடந்த அத்தோட்டத்தில், 1940 ஜனவரி 10ஆம் திகதி கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். லங்கா சமசமாஜக் கட்சி சார்ந்த தொழிற்சங்கம் அங்கு செயற்பட்டமை உண்மையே. ஆயின், தூண்டுதலே காரணமெனின், கேட்டோர் அதனை ஏன் ஏற்றனர் என்பது விளங்காமற் போகின்றது. கூட்டத்திற் சேர்ந்த மனிதன் பகுத்தறிவை இழக்கிறான் என 1895இல் லெ பொன் எழுதிய கருத்தின் நிழலே இவ்விளக்கம்.

பசியும் போதிய விடையன்று. நூறாண்டுக்கு மேலாக லயத்து வாழ்வில் வறுமை மாறாதிருந்தது. மாறாத ஒன்று மாற்றத்திற்குத் தனிக்காரணமாக முடியாது. மேலும், வேலையை இழப்பவர் லயத்து அறையையும் இழக்க நேரிடும். தன்னலக் கணக்குப் பார்ப்பவர் விலகிநின்று பிறர் போராட்டத்தின் பயனைத் துய்ப்பார் என்ற ஒல்சனின் 1965ஆம் ஆண்டுத் தருக்கத்தின்படி அங்கு வேலைநிறுத்தமே நிகழ்ந்திருக்கலாகாது.

மாறியது எது? 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டமை கங்காணியின் பிடியைத் தளர்த்திற்று. 1931இல் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். விதியெனப் பொறுக்கப்பட்ட துன்பம் அநீதியெனப் பெயர் பெற்றது. நாள்தோறும் பிரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணிய ஒழுங்கே, தாம் எத்தனை பேர் என்பதைத் தொழிலாளருக்கும் உணர்த்தியிருக்க வேண்டும் என நாம் கருதுகிறோம்.

துப்பாக்கிச் சூட்டின் பின்னரும் வேலைநிறுத்தங்கள் அடங்கவில்லை; 1940 மே மாதத்தில் ஊவாவின் வெவெஸ்ஸத் தோட்டம்வரை அவை பரவின. இடையில் அமைக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். அதிகாரத்தையும் கேள்வி கேட்கலாம் என்பது பகிரங்கமாயிற்று. இழப்பு எமது இழப்பு என்ற உணர்வோடு, இயலும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தது.

அநீதியுணர்வு, கூட்டடையாளம், கூட்டுவல்லமையில் நம்பிக்கை ஆகியவற்றை இணைத்து வான் சோமெரன் முதலியோர் 2008இல் முன்வைத்த விளக்கம் இதற்குப் பொருந்துகின்றது. எனினும் அது இம்மூன்றையும் தனிமனித உள்ளத்துள் அளவிடுகின்றது. மலையகத்தில் இவை அமைப்பினாலும் வாழிடத்தாலும் உருவாக்கப்பட்டவை. ஆகவே சிதையவும் கூடியவை.

2015இல் எழுந்த ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2021இலேயே சம்பளச் சபையின் வழியாகச் சட்ட வலுப்பெற்றது. அவ்வாண்டுகளில் தளர்ந்தோரை விழிப்பற்றோர் எனல் தகாது. மக்களை வெறும் வயிறுகளாகக் காணும் ஆய்வு, அவர்கள் எழும்போது வியக்கும், எழாதபோது பழிக்கும். நம்பிக்கையைக் கட்டியவை எவை, சிதைத்தவை எவை என்பதைக் கொழுந்து பறிக்கும் பெண்களிடமிருந்தே நாம் கேட்டறியத் தொடங்குதல் வேண்டும்.