பங்கு கேட்ட காலமும் நிலம் கொடுக்கும் காலமும்

ஓசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ ஒரு தொழிற்சாலை வரும்போது மூன்று விவரங்களை அறிவிக்கிறார்கள்: எத்தனை கோடி, எத்தனை ஏக்கர், எத்தனை பேருக்கு வேலை. அந்த முதலீட்டில் ஊருக்கு என்ன பிடி இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே ஓசூரில் அதற்கு நல்ல பதில் இருந்தது.

1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து கைக்கடிகார நிறுவனமான டைட்டனைத் தொடங்கின. அரசு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. நிர்வாகத்தை டாடாவிடம் விட்டுவிட்டுப் பங்குதாரராக உள்ளே இருந்தது. இன்றும் டிட்கோவின் கையில் 27.88 விழுக்காடு பங்கு. டாடா குழுமத்தின் பங்கைவிட இது அதிகம். டைட்டனின் சந்தை மதிப்பு மூன்று லட்சம் கோடி ரூபாயைத் தொட்டபோது, அரசுப் பங்கின் மதிப்பு மட்டும் எண்பதாயிரம் கோடியைத் தாண்டியது. பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஆள் எடுத்த விதம். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, கைக்கடிகாரம் செய்யும் நுட்பத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டை விட்டு வந்த அந்தப் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் நிறுவனமே ஏற்பாடு செய்தது.

தனியார் முதலே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மானாவாரிக் கேழ்வரகும் ஃபுளோரைடு கலந்த கிணற்று நீருமாக இருந்த பகுதி இது. அரசின் சிப்காட் தொழிற்பேட்டையும், 1980-ல் வந்த அசோக் லேலண்டும், அதே ஆண்டு மொபெட் தயாரிக்கத் தொடங்கிய டிவிஎஸ்ஸும், அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் சேர்ந்துதான் ஓசூரை 2019-ல் மாநகராட்சி ஆக்கின.

இப்போது நடைமுறை மாறிவிட்டது. புரிந்துணர்வு ஒப்பந்தம், நிலம், சலுகை, அவ்வளவுதான். 2020 டிசம்பரில் ஓலா எலெக்ட்ரிக் 2,400 கோடி ரூபாயில் மின் ஸ்கூட்டர் ஆலை அமைக்க ஒப்பந்தம் போட்டது. போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கர், 10,000 பேருக்கு வேலை, ஆண்டுக்கு ஒரு கோடி வாகனம் என்றார்கள். 2024-25-ல் அதன் விற்பனை நான்கு லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஒப்பந்தத்தில் இருப்பது எதிர்பார்ப்பு. ஆனால் அதை நம்பிக் கொடுத்த நிலம் உண்மையான நிலம்.

ஓசூர் அருகே ஐபோனின் வெளிக்கூடு செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸை டைட்டன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே டாடா, அதே டிட்கோ. இம்முறை டிட்கோ கொடுத்தது 500 ஏக்கர் நிலம். நிறுவனம் முழுக்க டாடா சன்ஸுக்குச் சொந்தம். 2022-ல் ஜார்க்கண்டிலிருந்து 800-க்கும் மேற்பட்ட பெண்கள் இங்கே வேலைக்கு வந்தார்கள். அவர்கள் வந்தது குற்றமல்ல. உழைக்க வந்தவர்களை அந்நியர் என்று பேசுவது சிறுமை. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தங்கும் விடுதிகளுக்கு யார் பொறுப்பு என்பதே என் கேள்வி. 2025 நவம்பரில் நாகமங்கலம் அருகே ஒரு விடுதிக் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரியவந்ததும், அந்தப் பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். டைட்டன் வளர்ப்புப் பெற்றோரை ஏற்பாடு செய்த ஊர்தான் இது.

நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. 2013-ன் மத்தியச் சட்டப்படி, தனியார் திட்டத்துக்கு நிலம் எடுக்க பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டின் சம்மதமும் சமூகத் தாக்க ஆய்வும் வேண்டும். தமிழ்நாடோ தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்கும் தன் 1997-ம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு இவற்றிலிருந்து விலகிக்கொண்டது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றதும், மாநில அரசு அதே ஆண்டில் புதுச் சட்டம் இயற்றி அதற்கு உயிர் கொடுத்தது; 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதிகளில் ஐந்தாவது சிப்காட்டுக்காக மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கத் திட்டமிட்டபோது, விளைநிலத்தைத் தர மாட்டோம் என்று விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்தது இந்தப் பின்னணியில்தான். தண்ணீரும் அப்படியே: பெங்களூருவின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரையாய்ப் பொங்குகிறது.

அதிகம் கேட்டால் முதலீடு ஆந்திரத்துக்கோ மகாராஷ்டிரத்துக்கோ போய்விடும் என்ற வாதத்தை ஒதுக்க முடியாது. ஓசூரில் இரண்டு ஆலைகள் வைத்திருக்கும் மின் ஸ்கூட்டர் நிறுவனம் ஏத்தர், 2024-ல் மூன்றாவதை மகாராஷ்டிரத்தில் அமைக்கப்போவதாக அறிவித்தது. டைட்டன் பிறந்த உரிம ஆட்சிக் காலத்தில் அரசைத் துணைக்குச் சேர்க்காமல் தொழில் தொடங்குவது கடினமாக இருந்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே எல்லா ஆலையிலும் 27 விழுக்காடு கேட்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பெங்களூருவின் பொறியாளர்களும் தமிழ்நாட்டின் தொழிலாளர்களும் நாற்பது கிலோமீட்டருக்குள் கிடைக்கும் இடம் வேறு எங்கும் இல்லை. அந்த அருமையை அரசு குறைத்து விற்கிறது.

சிப்காட் மனைகள் விற்கப்படுவதில்லை. 99 ஆண்டுக் குத்தகைக்கே தரப்படுகின்றன. விடுதியின் தரம், கழிவு நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் அளவு, நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி, சொன்ன வேலைகள் வராவிட்டால் மீதி நிலத்தைத் திருப்பித் தருவது ஆகியவற்றை அந்தக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதலாம். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன் அந்தப் பத்திரத்தின் நகலை உத்தனப்பள்ளி கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும்.