சிறைக்குள் ஒரு சாட்சி

நமது சிறை இலக்கியத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. அதில் மதில் இருக்கிறது, களி இருக்கிறது, தனிமை இருக்கிறது. நிர்வாகத்தைத்தான் காணோம்.

சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். மூன்று மாதம் நாட்குறிப்பு எழுதினார். தமிழில் அந்த நூலுக்கு அமைந்த பெயர் 'சிறையில் தவம்'. பொருத்தமான பெயர்தான். ஆனால் தவம் செய்கிறவன் முதலில் கவனிப்பது தன் மனத்தை அல்லவா? அவருக்குப் பின் வந்த கதாசிரியர்கள் நாங்கள் அந்தப் பார்வையையே பழக்கமாக்கிக் கொண்டோம். எங்கள் கதைகளில் ஜெயிலர் ஒன்று கருணாமூர்த்தி, இல்லாவிட்டால் அரக்கன். அவரைக் கணக்குக் கேட்பவர் யார் என்று நாங்கள் எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை.

அஸ்தம்பட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் இது என்னை உறுத்தும். 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி, குடியரசு பிறந்து பதினாறே நாட்களில், சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் மலபார்க்காரர்கள். சிறையில் எது நடந்தாலும் அதைச் சொல்ல இரண்டே தரப்புத்தான்: காவல் செய்கிறவர்கள், காவலில் இருக்கிறவர்கள். முதல் தரப்பின் பேச்சு அறிக்கையாகிறது. இரண்டாவது தரப்பின் பேச்சு முறையீடாகிறது. இரண்டிலும் சேராத மூன்றாவது மனிதர் வேண்டாமா?

சட்டத்தில் அவருக்கு இடம் இல்லாமல் இல்லை. 1894-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டத்திலேயே பார்வையாளர்களைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் உத்தியோகப் பற்றற்ற பார்வையாளரை நியமிப்பது சர்க்கார். அவர் எழுதுவது சிறையின் புத்தகத்தில். அதன்மேல் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது சூப்பரிண்டெண்ட்! இந்த ஏற்பாட்டில் எத்தனை பேர் மனம் விட்டு எழுதுவார்கள்?

1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், சென்னை மத்திய சிறையில் அரசியல் கைதிகள் அடிபட்டார்கள். அடிபட்டவர்களில் ஒருவரான சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அவருடைய சிறை டைரி பிறகு புத்தகமாக வந்தது. கம்பனில் தோய்ந்த நீதிபதி மு. மு. இஸ்மாயில் 1977-ல்தான் விசாரணை நடத்தினார். அதற்கு ஆட்சி மாற வேண்டியிருந்தது. ஆட்சி மாறும்வரை அடியைப் பொறுத்துக்கொள் என்று ஒரு கைதியிடம் சொல்ல முடியுமா?

என்னைக் கேட்டால், நம் நாட்டுச் சிறை எழுத்தில் மிகச் சிறந்தது ஒரு கடிதம். திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா உச்சநீதிமன்றத்துக்கு எழுதியது அது. தன் துன்பத்தைப் பற்றி அவர் எழுதவில்லை. பணம் பறிப்பதற்காக ஒரு வார்டர் வேறொரு கைதியைச் சித்திரவதை செய்ததை எழுதினார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதையே மனுவாக ஏற்று, 1979-ல் தீர்ப்பளித்தார். நீதிபதிகள் சிறைகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். குறைகளைப் போடப் பெட்டி வைக்க வேண்டும். அதைத் திறப்பது மாவட்ட நீதிபதியும் மாஜிஸ்ட்ரேட்டும் என்று ஏற்பாடாயிற்று.

ராஜாஜிக்குப் பேனாவும் இருந்தது, பெயரும் இருந்தது. கோழி திருடி உள்ளே போனவனுக்கு இரண்டும் இல்லை. அவனுக்கு இலக்கியம் அந்தப் பெட்டிதான். அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்று இனி நம் கதைகளாவது கேட்கட்டும்.