ஒன்பது இருக்கை, ஆறு பேர்

பழைய விமான விளம்பரங்களில் எனக்கு எரிச்சலூட்டும் எண் ஒன்று உண்டு. விலையும் அல்ல, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கும் அல்ல, இருக்கைகளின் எண்ணிக்கை. ‘பைப்பர் சீஃப்டன், பத்து இருக்கை, சார்ட்டருக்குத் தயார்’ என்று போட்டுவிடுவார்கள். பைலட்டைக் கழித்தால் ஒன்பது பயணிகள். இந்த ஒன்பது, கல்யாணப் பத்திரிகையில் அச்சாகும் பெயர்களைப் போன்றது. அத்தனை பேரும் ஒன்றாக வந்து உட்காரப்போவதில்லை.

வட ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து டிவி தீவுகளுக்கும் ஆர்னம் லேண்ட் ஊர்களுக்கும் ஆளேற்றும் ஒரு சிறு சார்ட்டர் தொழிலுக்காகச் சில வாரங்களாக சீஃப்டன் ஒன்றை ஓட்டிப் பார்த்து வருகிறேன். தலா 350 குதிரைத்திறனில் இரண்டு லைகமிங் டர்போ எஞ்சின்கள், மடங்கும் சக்கரங்கள், 1984-இல் நின்றுபோன உற்பத்தி எல்லாம் தெரிந்த கதைதான். ஆஸ்திரேலியாவில் கட்டணப் பயணிகளை இரவிலோ மேகத்துக்குள்ளோ கூட்டிச் செல்ல இரட்டை எஞ்சின் வேண்டும். இல்லையென்றால் அனுமதி பெற்ற ஒற்றை டர்பைன். அந்த வகையான செஸ்னா கேரவன் வாங்கக் காசு இருப்பவர் இந்தக் கட்டுரையைப் படிக்கத் தேவையில்லை. மற்றவர்கள் நாற்பது வயது தாண்டிய பிஸ்டன் விமானங்களில்தான் ஒன்றைப் பொறுக்கியாக வேண்டும்.

சீஃப்டன்மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு. இரண்டு புரொப்பெல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால், எந்த எஞ்சின் நின்றாலும் மூக்கு ஒரே அளவுதான் இழுக்கும். வலது எஞ்சினைக் கழற்றி இடப்பக்கம் மாட்ட முடியாது, உதிரி எஞ்சின் இரண்டு வகையாக வைத்திருக்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். கைக்கு இது பெரிய விமானம்போல நிதானமாக இருக்கிறது. மூக்கில் ஒரு சாமான் அறை, ஒவ்வொரு எஞ்சினுக்குப் பின்னாலும் ஒன்று, வாலருகே ஒன்று. எந்தப் பெட்டியைக் கொண்டு வந்தாலும் இடம் இருக்கிறது.

வம்பே அங்கேதான் தொடங்குகிறது. இடம் இருக்கிறது, எடைக்கு இடம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 7,000 பவுண்டு, அதாவது 3,175 கிலோ. சார்ட்டருக்கான கருவிகளும் குளிர்சாதனமும் சேர்ந்த சீஃப்டனின் காலி எடை ஏறக்குறைய 2,180 கிலோ. டாங்குகள் நிறைய 689 லிட்டர் அவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல், சுமார் 496 கிலோ. பைலட்டுக்கு 85. மிஞ்சுவது 414 கிலோ. பையோடு ஆளுக்கு 95 கிலோ என்றால் நாலு பேர். ஒன்பது எங்கே, நாலு எங்கே!

டாங்கை நிரப்பாமல் போகலாமே என்பார்கள். போகலாம். ஆர்னம் லேண்டின் மனிங்ரிடா டார்வினிலிருந்து சுமார் 365 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் போகிற இடத்தில் அவ்காஸ் கிடைக்காவிட்டால் திரும்பி வருவதற்கானதையும் இங்கிருந்தே சுமக்க வேண்டும். மழைக்காலத்தில் இடிமேகத்தைச் சுற்றிப் போகக் கூடுதலாகவும் வேண்டும். அப்படி 340 கிலோ எரிபொருளோடு கிளம்பினால் ஆறு பேரை ஏற்றலாம். அதில் ஒருவர் கருவிப்பெட்டியோடு வரும் பிளம்பர் என்றால் ஐந்து. பிளம்பரின் பெட்டியைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் விமானம் வாங்கக் கூடாது என்பேன்.

வரம்பைச் சற்று மீறினால் என்ன, எஞ்சின் இரண்டு இருக்கிறதே என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு எஞ்சினும் இழுக்கும்போது முழு எடையில் சீஃப்டன் நிமிடத்துக்கு 1,120 அடி ஏறும் என்கிறது கையேடு. ஒன்று நின்றால் 230. பாதி சக்திதான் போகிறது, ஏறும் திறனில் ஐந்தில் நாலு பங்கு போய்விடுகிறது. அந்த 230-ம் கடல் மட்டத்தில், 15 டிகிரியில், சக்கரங்களை மடக்கி, நின்ற புரொப்பெல்லரின் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி, வேகத்தை வேகமானியின் நீலக் கோட்டில் பிடித்துவைத்தால் கிடைப்பது. டார்வினில் நவம்பர் மதியம் 15 டிகிரியா இருக்கிறது?

2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸின் மார்ஷ் ஹார்பரில் பாடகி ஆலியா உட்பட ஒன்பது பேர் இறந்த விபத்து, இதே தொழிலில் ஓடும் செஸ்னா 402பி-யில் நடந்தது. புறப்பட்ட எடை வரம்பைவிட 700 பவுண்டு அதிகம். எடையின் மையமும் பின் எல்லையைத் தாண்டியிருந்தது. ஆறேழு பேரைப் பின்வரிசைகளில் உட்காரவிட்டு, சாமானை வாலருகே திணித்தால் எந்த இரட்டை எஞ்சினும் இந்த வழிக்குத்தான் வரும். சீஃப்டனில் மூக்கு அறையை முதலில் நிரப்புங்கள். கனமானவரை முன்னால் உட்காரச் சொல்லுங்கள், கூச்சப்படாமல்.

கூச்சம் என்றதும் ஒன்று. பயணியிடம் எடை கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. எல்லாருக்கும் தங்கள் இருபத்தைந்து வயது எடைதான் நினைவில் நிற்கிறது. தரையோடு தரையாக ஒரு தராசு வாங்கி, பையைக் கையில் பிடித்தபடியே ஏறி நிற்கச் சொல்லி, எண் பைலட் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தோம். இத்தனை வாரங்களில் எனக்கு அதிகம் பிடித்துப்போன கருவி விமானத்துக்குள் இருப்பது அல்ல, அந்தத் தராசுதான்.

அதே சந்தேகத்தை விமானத்தின்மேலும் காட்ட வேண்டும். விற்பவர் நீட்டும் காலி எடை பெரும்பாலும் தராசில் வந்ததல்ல. எப்போதோ ஒருமுறை நிறுத்தெடுத்து, பிறகு மாட்டியதைக் கூட்டி, கழற்றியதைக் கழித்துக் காகிதத்தில் வந்தது. நடுவில் பழையதைச் சுரண்டாமல் மேலேயே பெயிண்ட் அடித்திருப்பார்கள். செத்துப்போன ரேடியோவை எடுத்துவிட்டு அதன் கம்பிகளை அப்படியே விட்டிருப்பார்கள். சுவருக்குள் இருக்கும் ஒலித்தடுப்புப் பஞ்சு வருடக்கணக்கில் ஈரம் குடித்திருக்கும். நாங்கள் பார்த்த ஒன்றில் தோல் இருக்கை, மரவேலை, பானம் வைக்கும் அலமாரி என்று உள்ளே ஒரு ஹோட்டலே இருந்தது. தராசில் ஏற்றினால், காகிதத்தைவிட ஒரு பயணியின் எடை கூடுதல். அந்தப் பயணி டிக்கெட் வாங்காமல் ஒவ்வொரு முறையும் கூடவே வருவார்.

இறக்கைமேல் சிறு துடுப்புகளை வரிசையாக ஒட்டினால் சீஃப்டனின் வரம்பு 7,368 பவுண்டாக உயரும். ஒற்றை எஞ்சினில் கட்டுப்பாடு கைநழுவாத குறைந்தபட்ச வேகமும் இறங்கும். ஒட்டியிருந்தால் நல்லது. அந்த வேகத்துக்காக அதை வரவேற்கிறேன். கூடுதல் 368-க்காக அல்ல. எஞ்சினில் ஒரு குதிரைகூடக் கூடவில்லையே.

எடைப் பேச்சில் என் சாய்வுக்கு அடி கொடுப்பது பிரிட்டன்-நார்மன் ஐலண்டர். வெறும் 260 குதிரைத்திறன் எஞ்சின்கள், மடங்காத சக்கரம், காது அடைக்கும் இரைச்சல். நடைபாதைகூட இல்லாததால் காரில் ஏறுவதுபோலப் பக்கக் கதவு வழியே ஏற வேண்டும். ஆனால் காலி எடை குறைவு என்பதால் 6,600 பவுண்டு வரம்பிலும் சீஃப்டனைவிட அதிகம் தூக்கும். வேகத்தைத் தியாகம் செய்து அந்த எடையைச் சம்பாதித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் வெஸ்ட்ரே–பாப்பா வெஸ்ட்ரே இடையே இரண்டு நிமிடம்கூட ஆகாத சேவைக்கு இதைத்தான் ஓட்டுகிறார்கள். கார்புரேட்டர் எஞ்சின் என்பதால் வெயிலில் நின்ற பிறகும் அடம்பிடிக்காமல் கிளம்பும். சீஃப்டனில் அப்படியல்ல. சூட்டில் எரிபொருள் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. உள்ளே பயணிகள் வியர்த்தபடி பைலட்டின் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அரை மணி நேரத்துக்குள்ளான தீவுப் பயணங்களே வருமானம் என்றால் ஐலண்டர் தேடுங்கள். மனிங்ரிடா வரை போக வேண்டுமென்றால் சீஃப்டன். நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது, கிழிந்த துணி இருக்கையும் மங்கிய பெயிண்டும் கொண்ட, ஆனால் பார்த்தவற்றிலேயே எடை குறைந்த ஒன்றை. ஒப்பந்தத்தில் நான் சேர்க்கச் சொன்ன நிபந்தனைகள் இரண்டு: எங்கள் மெக்கானிக் முன்னால் தராசில் நிறுத்துக் காட்ட வேண்டும், கடைசி வரிசையைக் கழற்றிவிட்டு ஒப்படைக்க வேண்டும். அந்த இருக்கைகளுக்கான விலையைக் குறைக்க விற்பவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.