மருத்துவர் போனார், பேய் வந்தது!

கங்கா என்றோர் இளம்பெண். கணவன் வாங்கிய பழைய அரண்மனையில் குடியேறுகிறாள். திறவாதே என்று ஊரார் எச்சரித்த அறையைத் திறக்கிறாள். அன்று தொடங்குகிறது ஆர்ப்பாட்டம்! நள்ளிரவில் சலங்கை ஒலி, எங்கிருந்தோ பற்றும் தீ, அவள் அறியாத மொழியில் பாட்டு. வீட்டார் கிலிகொண்டு, பேய், பேய் என்று அலறுகின்றனர். அலறுவோர் நடுவே ஒருவர் மட்டும் நின்று நிதானமாகச் சொல்கிறார், இது பேயன்று, நோய் என்று.

2005 ஏப்ரல் 14 அன்று வெளிவந்த 'சந்திரமுகி' அது. சொன்னவர் சரவணன் என்னும் மனநல மருத்துவர். அந்த வேடத்தைத் தாங்கியவர் ரஜினிகாந்த். சென்னை சாந்தி கொட்டகையில் 800 நாள்களுக்கு மேல் ஓடிற்று. ஆயிரம் மேடைகளில் தொண்டை வறளச் சொல்லியும் சிலர் செவியில் ஏறாத செய்தியை, நாட்டின் புகழ்மிக்க நடிகர் திரையில் தோன்றி எடுத்துரைத்தார். மூதாட்டிகளும் கேட்டனர், முணுமுணுக்கவில்லை. அந்த அளவிற்கு அந்தப் படத்தை நான் மெச்சுகிறேன்.

முழுதும் மெச்சுவதற்கில்லை. மது முட்டம் எழுத, பாசில் இயக்கி, 1993இல் மலையாளத்தில் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' இக்கதைக்குத் தாய். நாயகியாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருதும் தேடித் தந்தது. அங்கே கங்காவின் நோய்க்கு வேர் அவளுடைய குழந்தைப் பருவத்தில் காட்டப்பட்டது. பி. வாசு அதனை 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாக்கி, மறு ஆண்டு தமிழுக்குக் கொண்டுவந்தபோது, வேரைவிடக் கிளையிலேயே அதிகம் பூச்சூட்டினார். மருத்துவருக்குத் துணையாக மந்திரவாதியும் மதிப்போடு அமர்த்தப்பட்டார். ஒரே இரவில், ஒரு பொம்மையை எரித்து, பிளவுபட்ட மனத்தை ஒட்டவைத்துவிடுகின்றனர்! நெடுங்காலம் பேசிப் பேசித் தீர்க்கவேண்டிய நோய் அது என்று மனநூல் வல்லார் கூறுவர். எனினும், பேய்க்கு மருத்துவமனையின் வாயிலைக் காட்டினாரே, அதற்காகக் குறைகளைப் பொறுத்துக்கொண்டோம்.

ஏன் பொறுத்துக்கொண்டோம் என்பதற்கு ஏர்வாடியை நினைத்துப் பார்த்தால் போதும். 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஓலைக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் மனநோயாளிகள், சங்கிலியால் பிணைக்கப்பட்டவர்கள். ஓட நினைத்திருப்பர், கால் வரவில்லை. மாண்டோர் 28 பேர். தீய ஆவி பிடித்ததென்று நம்பித் தருகாவின் அருளை நாடிச் சொந்த உறவினரே கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள் அங்கே பலர். தருகா ஆனால் என்ன, கோயில் ஆனால் என்ன, மாதாகோயில் ஆனால் என்ன! நோயைப் பேயென்று பெயர் மாற்றியதும் நோயாளிக்குக் கிடைப்பது சங்கிலி. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017இல் மனநலச் சட்டம் எழுதவேண்டி வந்ததே, அதுவே போதும் நாட்டு நிலையைச் சொல்ல.

அந்த நெருப்பு அணைந்து நான்காண்டு கழியுமுன் வந்தவர் மருத்துவர் சரவணன். இனி, 2023 செப்டம்பர் 28 அன்று வந்த 'சந்திரமுகி 2' படத்திற்கு வருவோம். இயக்குநர் அதே வாசு. நாயகன் ராகவா லாரன்ஸ். சந்திரமுகியாக வடபுலத்து கங்கனா ரணாவத். பதினெட்டு ஆண்டுகளில் மனநல மருத்துவம் எவ்வளவோ வளர்ந்தது. இயக்குநரோ பின்னோக்கி நடந்தார். இம்முறை நோயென்ற பேச்சே இல்லை. பேயே வருகிறது! ஒன்றல்ல, இரண்டு! சந்திரமுகியின் ஆவி, சக்கர நாற்காலியில் இருக்கும் திவ்யா என்ற பெண்ணுக்குள் புகுகிறது. வேட்டையனின் ஆவி நாயகனுக்குள் புகுகிறது. ஆவியும் ஆவியும் வாளேந்திப் பொருதுகின்றன. முதற் படத்தில் மருத்துவர் எதைப் பொய்யென்று நிறுவினாரோ, அதையே மெய்யென்று கொண்டு இரண்டாம் படம் எழுகிறது. தந்தை எழுதிய உயிலை மகன் கிழித்தெறிவதுண்டு. தானே எழுதியதைத் தானே கிழிக்கும் விந்தையை இங்கே கண்டேன்.

இதைவிடக் கொடியது கதையின் தொடக்கம். செல்வக் குடும்பம் ஒன்று, அடுத்தடுத்துத் துன்பம். குலதெய்வத்தை மறந்ததால் வந்த வினை என்கிறார் குரு. குடும்பமே கிளம்பி வேட்டையபுரம் வருகிறது. அந்தக் குடும்பம் செய்த குற்றம் என்ன? வேற்று மதத்தானை விரும்பி மணந்த மகளை விலக்கி வைத்தது. அவளும் கணவனும் இறந்தனர்; இரு குழந்தைகள் பெற்றோரை இழந்து நிற்கின்றனர். பெற்ற மகளைப் புறந்தள்ளிய நெஞ்சின் கொடுமை கதையிலேயே கிடக்கிறது. அதனைக் கிளறியிருந்தால் அழுத்தமான படம் கிடைத்திருக்கும். இயக்குநர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கோயிலைத் துப்புரவாக்கிப் பூசை போட்டால் போதுமாம்! மகளிடம் செய்த பிழைக்குத் தெய்வத்திடம் கணக்குத் தீர்க்கும் இந்தப் பழக்கம் நம் வீடுகளில் புதிதல்ல. படமும் அதற்கு முத்திரை குத்துகிறது.

இந்தியிலும் இதே வீழ்ச்சி. 2007இல் 'பூல் புலையா' மனநோயைக் காட்டியது. 2022இல் வந்த இரண்டாவது படமோ உண்மைப் பேயைக் கொணர்ந்தது. ஆக, வாணிகம் ஓர் உண்மையைக் கண்டுகொண்டது: மருத்துவரை ஒருமுறைதான் விற்கலாம், பேயை எத்தனை முறையும் விற்கலாம்.

படந்தானே ஐயா, பொழுதுபோக்கில் போய்ப் பகுத்தறிவைத் தேடலாமா என்று நண்பர்கள் கேட்பர். பேய் வரலாம், வரக்கூடாதென்று நான் தடைபோடவில்லை. எதற்காக வருகிறது என்பதே என் கேள்வி. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1977இல் 'தி ஷைனிங்' என்றொரு நாவல் எழுதினார். குடிக்கு அடிமையான தந்தை, பனிசூழ்ந்த விடுதியில் தன் மனைவியையும் மகனையும் கொல்லத் துணிகிறான். 1980இல் குப்ரிக் அதனைப் படமாக்கினார். அதன் தொடர்ச்சியாக கிங் எழுதிய 'டாக்டர் ஸ்லீப்' நாவல் 2013இல் வெளியாகி, மைக் பிளனகன் கையில் 2019இல் படமாயிற்று. அன்றைய சிறுவன் டேனி வளர்ந்து, தந்தையைப் போலவே குடிகாரனாகிவிட்டான். குடியைவிட முயல்வோர் கூட்டத்தில் சேர்ந்து மெல்ல மீள்கிறான். சாகும் தறுவாயில் உள்ளோர் பக்கத்திலிருந்து ஆறுதல் தருகிறான். பாழடைந்த அந்த விடுதிக்கு இறுதியில் திரும்புகிறான். தந்தையின் ஆவி மது ஊற்றுபவனாக எதிரே நிற்கிறது; மகனிடம் கோப்பையை நீட்டுகிறது. மகன் தொடவில்லை. பேய்ப்படந்தான்! ஆனால் அந்தப் பேயின் கையிலிருப்பது மது. பார்ப்பவன் அஞ்சுவது ஆவிக்கல்ல, அந்தக் கோப்பைக்கு. நாவலாசிரியன் முன்னரே சிந்தித்து வைத்ததால் தொடர்ச்சி வேர்விட்டது. நம்மவருக்கோ தொடர்ச்சி என்றால் பெயருக்குப் பின்னால் ஓர் எண்.

லாரன்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் அவர் இயக்கி நடித்த 'காஞ்சனா'வில் பேயாக வருபவர் ஒரு திருநங்கை. அவர் வாங்கிய நிலத்தைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பறித்துக்கொண்டு கொன்றுவிடுகிறார். பேய் நியாயம் கேட்கிறது. கூச்சலும் குதியாட்டமும் நிறைந்த படந்தான். ஆயினும் நிலம் பறிபோனவரின் வயிற்றெரிச்சல் அதற்குள் இருந்தது. அந்தச் சிறு பொறிகூட 'சந்திரமுகி 2' படத்தில் இல்லை.

நிலத்தைப் பறிகொடுத்தவரின் அச்சம் எப்படியிருக்கும் என்பதை அதே 2023ஆம் ஆண்டு வளையமாதேவி காட்டியது. ஜூலை 26 அன்று, நெய்வேலி நிறுவனத்தின் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட, மண்வாரிப் பொறிகள் காவலர் புடைசூழ வந்தன. பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிருக்குள் இறங்கின. நிலத்தை எப்போதோ எடுத்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். அறுவடை வரையாவது பொறுத்திருக்கக் கூடாதா என்றான் உழவன். யாரோ செய்வினை வைத்தார் என்று அவன் பேயோட்டியிடம் ஓடவில்லை. வழக்குமன்றப் படியேறினான். பயிர் அழிந்ததற்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது உயர்நீதிமன்றம். இந்தக் கதையில் அச்சமுண்டு, அழுகையுண்டு, நள்ளிரவில் தூக்கம் வராமல் எழுந்து உட்காரும் மனிதர்கள் உண்டு. படமெடுக்க எண்ணுவோர்க்கு அரண்மனை அரங்கு போடும் செலவும் மிச்சம்.