கறுத்த நாயும் சிரித்த முகமும்

மறைந்திருக்கும் உளச்சோர்வைக் குறும்படம் எவ்வாறு காட்டுவது? உலக சுகாதார நிறுவனம் 2012இல் மத்தியூ ஜோன்ஸ்டனின் சித்திர நூலைத் தழுவி வெளியிட்ட கறுத்த நாய் பற்றிய குறும்படம் இதற்கு ஒரு விடை தருகின்றது.

நான்கு நிமிடமளவே ஓடும் இப்படத்தில் உளச்சோர்வு பெரியதொரு நாயாக உருவம் பெறுகின்றது. பிறர் அறியாதபடி அதனை மறைப்பதிலேயே நாயகனின் ஆற்றல் கரைகின்றது. இறுதியில் நாய் மறைந்துவிடுவதில்லை. உதவி நாடியபின் சிறுத்து, அடங்குகின்றது. மாயத் தீர்வு கூறாத இந்நேர்மையே படத்தின் பலம் எனலாம்.

நம்மவர் குறும்படங்கள் பலவற்றிலோ இருட்டறை, மழை, கண்ணீர் என்பனவே நோயின் அடையாளங்கள். துயருற்றவன் அழுதுகொண்டிருப்பான் என நம்பப் பழகிய கண், அருகிற் சிரிப்பவனைத் தவறவிடும்.

எனினும் அந்நாயை அப்படியே இரவல் பெறுதலும் பொருந்தாது. நம் மரபிற் கறுத்த நாய் வைரவரின் வாகனம். அச்சத்தோடு காவலையும் அது நினைவூட்டும். நமக்கான படிமம் பேராதனை விடுதிகளிலேயே உண்டு. இரு வேளை உண்ணாதவன் மாடிப்படியில் நின்று, "சாப்பிட்டேன் அம்மா" எனத் தொலைபேசியிற் கூறுகின்றான். திரும்பி வந்து நண்பரோடு சிரிக்கின்றான். கமரா அங்கேதான் நிற்கவேண்டும்.

படமுடிவில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைக் காட்டுதல் அவசியமே. ஆனால் அது மட்டும் போதாது. "ஒன்றுமில்லை மச்சான்" என்பவனிடம் இரண்டாம் முறையும் கேட்கவேண்டும் என்ற உந்துதலைப் பார்வையாளனிடம் எழுப்பாத படம், எத்துணை அழகாயினும், தன் பணியை முடித்ததாகாது.