30 மீட்டர் கோபுரமும் 3 மாத நினைவும்

வானொலி நிலையம் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தால், 'அது எவ்வளவு தொலைவு கேட்கும்?' என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்பார்கள். சமுதாய வானொலிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. தொலைவு செல்லக் கூடாது என்று திட்டமிட்டே அமைக்கப்பட்ட வானொலி அது. அதை எடைபோட வேறு அளவுகோல் தேவை. அந்த அளவுகோலை இயற்பியலே நமக்குத் தருகிறது.

வானலைகள் பொதுச்சொத்து என்று 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' ஒலிக்கத் தொடங்கியது. இந்தியக் கல்வி வளாகங்களில் எழுந்த முதல் சமுதாய வானொலி இதுவே. 2006ஆம் ஆண்டுக் கொள்கை, தொண்டு நிறுவனங்களும் நிலையம் நடத்த இடம் தந்தது.

அந்தக் கொள்கையின் நெறிமுறைகள் கதிர்வீச்சுத் திறனைப் பொதுவாக 100 வாட் என்றும், ஏரியலின் உயரத்தை 30 மீட்டருக்கு மிகாமலும் வரையறுத்தன. 100 வாட் என்பது பழைய குண்டு பல்பு ஒன்றின் திறன்தான். 90.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3.3 மீட்டர். சிற்றலை வானொலியின் அலைகளைப்போல இது வழக்கமாக அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதில்லை. அநேகமாக நேர்கோட்டில் செல்கிறது. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 30 மீட்டருக்கு இது சுமார் 22.6 கிலோமீட்டர். திறன் குறைவாக இருப்பதாலும், கட்டடமும் மரமும் குறுக்கிடுவதாலும், தெளிவாகக் கேட்பது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வரைதான். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் 314 சதுர கிலோமீட்டர் வருகிறது.

வட்டம் சிறிது, ஆனால் ஒலி செறிவானது. மத்திய அலை வரிசைகளுக்கு இடையே உள்ள இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். எனவே அதில் சுமார் 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடுகின்றன. அதிர்வெண் பண்பேற்ற முறையாகிய எஃப்.எம்.மில் 15 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளும் வந்து சேருகின்றன. ஜால்ராவின் கிண்ணென்ற ஓசை, பறையின் மேல் குச்சி விழும் முதல் நொடியின் கூர்மை, நாகசுரத்தின் மேற்சுரங்கள் ஆகியவை இந்த உயர்ந்த அதிர்வெண்களில்தான் வாழ்கின்றன.

ஆகவே நம் அளவுகோல் இதுதான்: இந்த நிகழ்ச்சி இந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்திருக்க முடியுமா? முடியும் என்றால் கோபுரம் வீண். நேயர் விருப்பத் திரைப்படப் பாடலை எந்த நிலையமும் தரும். அந்த 314 சதுர கிலோமீட்டரில் உள்ள ஏரியையும், கூத்தையும், விதையையும் பற்றி வேறு யார் பேசுவார்கள்?

இந்த அளவுகோலில் தேறும் நிலையங்கள் உண்டு. தெலங்கானாவில் ஜகீராபாத் வட்டாரத்தின் மாச்னூர் கிராமத்தில் 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிய 'சங்கம் ரேடியோ' அவற்றுள் முதன்மையானது. தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் நடத்தும் நிலையம் இது. சிறுதானியச் சாகுபடி, விதைப் பாதுகாப்பு, மூலிகை, வேளாண் பாடல்கள் ஆகியவையே அதன் பொருள். அங்கே பாடல் வேறு, வேளாண் அறிவு வேறு என்ற பிரிவினை இல்லை. விதைப்புப் பாட்டு விதைப்பின் முறையையும் சேர்த்தே சுமந்து வருகிறது. நம் பாம்பனில் 2016இல் தோன்றிய 'கடல் ஓசை' மீனவர்களுக்காகவே எழுந்தது. கடல் வானிலையும் கடல்வாழ் உயிரினங்களின் பாதுகாப்பும் அதன் நாளாந்தப் பேச்சு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லும் மொழி கடற்கரைக்கு உரியது. தலைநகர் நிலையத்தின் வானிலை அறிக்கையில் அதை எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவு பாராட்டிய பிறகு ஒரு பெருங்குறையைச் சொல்லியாக வேண்டும். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை 3 மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று 2006 நெறிமுறைகள் விதித்தன. புகார் எழுந்தால் விசாரிக்க இது போதும். பண்பாட்டைக் காக்கப் போதாது. 3 மாதத்துக்குப் பிறகு அந்தப் பதிவுக்கு யார் பொறுப்பு? எண்பது வயதுப் பாட்டி ஒருவர் நாற்று நடவுப் பாட்டைப் பாடிப் பதிவு செய்துவிட்டு, அடுத்த ஆண்டு மறைந்துபோனால், அந்தப் பாட்டு நிலையத்தில் இருக்குமா என்பது அங்குள்ள ஓர் ஊழியரின் அக்கறையைப் பொறுத்ததாகிவிடுகிறது. வானலைகள் ஒளியின் வேகத்தில் சென்றுவிடுகின்றன. அவற்றைத் திரும்பக் கூப்பிட இயலாது.

இடம் இல்லை என்பது காரணமாகாது. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 2 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 730 மணி நேரம். நொடிக்கு 128 கிலோபிட் வீதம் சுருக்கிச் சேமித்தால் ஒரு மணி நேர ஒலிக்கு 57.6 மெகாபைட் போதும். ஓராண்டு முழுவதும் சுமார் 42 ஜிகாபைட்! நகத்தளவுள்ள 64 ஜிகாபைட் நினைவட்டை ஒன்றில் ஓராண்டின் ஊர்க்குரல் அடங்கிவிடும். சுருக்காமல் குறுந்தகட்டின் தரத்தில் வைத்தாலும் அரை டெராபைட்டைத் தாண்டாது.

உண்மையான உழைப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் வெறும் '37' என்று எழுதி வைத்தால் அது அளவீடு ஆகாது. எதன் அளவு, எந்த அலகு, எப்போது எடுத்தது என்ற குறிப்பு வேண்டும். ஒலிப்பதிவும் அப்படியே. பாடியவர், ஊர், நாள், பாடும் சந்தர்ப்பம் ஆகியவற்றைக் குறித்தால்தான் அது பிற்காலத்தவருக்குச் சான்றாகும். முதல் மழையன்று ஏரிக்கரையில் பதிவான தவளைகளின் ஒலி இன்று நிகழ்ச்சிக்கு வெறும் பின்னணி. நாளும் இடமும் குறிக்கப்பட்டிருந்தால், முப்பது ஆண்டு கழித்து அதே ஏரி அமைதியாகிவிட்டதா என்று ஒப்பிட உதவும் சூழலியல் ஆவணம் அது.

இதற்கு ஆளும் பணமும் எங்கே என்று நிலையத்தார் கேட்பது நியாயமே. 2024ஆம் ஆண்டின் திருத்தம் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தியது உண்மைதான். ஆனால் சிற்றூரில் விளம்பரம் தருவோர் எத்தனை பேர்? எனவே அருகிலுள்ள கல்லூரிகள் இப்பணியில் பங்கேற்க வேண்டும். பட்டியலிடுவதைத் தமிழ்த்துறை மாணவரும், சேமித்துப் படியெடுப்பதை இயற்பியல் மாணவரும் ஏற்கலாம். பாடியவரின் ஒப்புதலும், பாட்டின்மேல் அவருக்குள்ள உரிமையும் பட்டியலில் இடம்பெற வேண்டும். குரலை வாங்கிக்கொண்டு பெயரை மறப்பது நன்றன்று.

உங்கள் ஊரில் சமுதாய வானொலி கேட்குமானால், ஒரு வாரம் கையில் பென்சிலோடு கேளுங்கள். வட்டத்துக்குள்ளிருந்து மட்டுமே வரக்கூடிய நிகழ்ச்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, சென்ற ஆண்டு பாடிய பெரியவரின் பதிவு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று பதில் வந்தால், பட்டியலிடும் வேலைக்கு நீங்களும் போய்ச் சேரலாம்.