ஏரிக்கரை பியர்

பியரைப் பற்றி எழுதினால் இரண்டுவிதமான கடிதம் வரும். 'குடியை வளர்க்கிறீர்கள்' என்று ஒன்று. 'எங்கே சார் கிடைக்கும்?' என்று மற்றொன்று. முதல் கோஷ்டிக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். இது ருசியைப் பற்றிய விமரிசனம்.

கிராஃப்ட் பியர் என்பது பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. ஆலையில் லட்சக்கணக்கான பாட்டில்களில் ஒரே ருசியாக வருகிறதல்லவா, அதற்கு நேர் எதிர். கடையிலேயே செம்புக்கலரில் பெரிய அண்டா வைத்து, கொஞ்சமாகக் காய்ச்சி, புளிக்கவைத்து, குழாயிலிருந்து நேராகக் கிளாஸில் பிடித்துத் தருவார்கள். சரக்கு நாலேதான்: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி (இதுதான் மால்ட்), கசப்புக்கு ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட். அப்போது குர்கானாக இருந்த ஊரில் 2008-லும், புனேயில் டூலாலி என்ற பெயரில் 2009-லும் ஆரம்பித்தது. பெங்களூரில் 2010, 2011 வாக்கில் டாய்ட், பியர் கிளப் என்று வந்து, அப்புறம் தெருவுக்குத் தெரு பரவிவிட்டது.

புழலில் டாஸ்மாக் உண்டு, ப்ரூ பப் கிடையாது. எனவே நாங்கள் நாலு பேர் சென்ட்ரலில் ரயிலேறினோம். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டும் நண்பர், எண்ணூரில் ஃபிட்டராக இருப்பவர், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், அடியேன். 'நம்ம வண்டியிலயே போலாமே' என்றார் ட்ரெய்லர்காரர். குடிக்கப் போகிறவனுக்கு வண்டி எதற்கு?

பெங்களூரில் நாங்கள் போன இடத்தில் 'சாம்ப்ளர்' என்று ஒன்று தருகிறார்கள். மரப்பலகையில் வரிசையாகக் குட்டி கிளாஸ்கள். காது குத்துக்குப் பால் கொடுக்கிற அளவு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஜெர்மன் வகை கோதுமை பியர். கலங்கலாக இருக்கிறது. மோந்து பார்த்த ஃபிட்டர், 'இன்னாபா, வாயப்பய வாசன வருது, எசன்ஸ் ஊத்திகிறானா?' என்றார். இல்லை. வாழைப்பழத்தில் இருக்கும் அதே ஐசோஅமைல் அசிடேட்டை ஈஸ்ட் தானாகவே தயாரிக்கிறது. கூடவே லேசாகக் கிராம்பு வாசனை, அதுவும் ஈஸ்ட்டின் உபயம். அன்றைக்குச் சிறந்தது இதுதான்.

அடுத்தது பெல்ஜியம் பாணி. இதில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பது அவர்கள் வழக்கம். நம் அஞ்சறைப் பெட்டிச் சரக்கு! வாத்தியாருக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது இந்தியா பேல் ஏல். ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட கசப்பு. இது இந்தியாவுக்கென்றே கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதையைச் சரித்திரக்காரர்கள் இப்போது ஒப்புவதில்லை. ஆனால் லண்டனில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாகப் பேல் ஏல் வந்தது நிஜம். மாதக்கணக்கான கடல் பயணத்தில் கெடாமல் காத்தது ஹாப்ஸ். அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து எந்தச் சரக்கையும் அலைமேல் மசூலா படகில்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். 'அப்ப மொதல் ட்ரெய்லர் டிரைவர் நம்ம படகுக்காரன்தான்' என்றார் நண்பர்.

நாலாவது ஸ்டவுட். கருப்பு. வறுத்த பார்லியால் ஆறிப்போன ஃபில்டர் காபியின் சாயல். நன்று. ஐந்தாவது மாம்பழ பியர். கல்யாண ஜூஸில் சோடா கலந்த மாதிரி இருந்தது. பழத்தைப் போட்டால் மட்டும் ருசி வந்துவிடாது. இதை விட்டுவிடலாம். சங்கீதம் என்ற பெயரில் காதைக் கிழித்தார்கள். ஒரு முழு கிளாஸ் விலையில் எங்கள் பக்கம் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடலாம்.

ஆனால் ஒன்று கவனித்தேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தும் யாரும் தள்ளாடவில்லை. ட்ரெய்லர்காரர்தான் அதைச் சொன்னார்: 'நம்ம ஊர்ல பத்து நிமிசத்துல வேல முடிஞ்சிடும் தல. ருசியா? மூக்கப் புடிச்சிக்கினு ஊத்திக்கிறதுதான்.'

விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் குடிப்பவனிடம் மதுவைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். 'கிக்', 'சரக்கு', 'ஹாட்', 'கூலிங்' என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுவான். இந்தியாவில் விற்கும் பியரில் பெரும்பங்கு 'ஸ்ட்ராங்'. கொடுத்த ரூபாய்க்கு எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் ஒரே அளவுகோல்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்றார் வாத்தியார். தேறல், நறவு, தோப்பி, பிழி, அரியல், மட்டு என்று சங்க இலக்கியத்திலிருந்து அடுக்கினார். கூடவே பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பியர் ரெசிப்பியும் சொன்னார். குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, 'நல்லடை'யைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் ஊறவிட்டு, விரலால் அலசிப் பிழிந்தெடுப்பது. நல்லடை என்றால் நெல்முளை என்கிறார்கள் உரைகாரர்கள். அதாவது மால்ட்! தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். செய்முறை, காலக்கெடு, சைட் டிஷ் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, இதைக் காய்ச்சியவர்கள் யார் என்பது. அரசனோ வணிகனோ இல்லை. கோடை நீண்டாலும் வற்றாத குளத்தின் கரையில் குடியிருந்த வலைஞர்கள். பாட்டின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், ஊர் தொண்டை நாடு. அந்தத் தொண்டை நாட்டின் 24 கோட்டங்களில் ஒன்று புழல். எங்கள் ஏரி 2019 கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்ததை வானத்திலிருந்து எடுத்த படங்களில் உலகமே பார்த்தது. குளமும் போச்சு, பிழியும் போச்சு.

அன்றைக்கு ஏரிக்கரை ஏழையின் வீட்டில் இருந்த ருசி, இன்றைக்கு 350 கிலோமீட்டர் தள்ளி, காசுள்ளவர்களுக்கு. ஏழைக்கு மிஞ்சியது கிக் மட்டும். ஐந்து சதவிகிதம் ஆல்கஹால் இருக்கும் கள் தமிழ்நாட்டில் 1.1.1987 முதல் தடை. கலப்படம் நடந்தது என்று காரணம் சொன்னார்கள், நடந்ததும் உண்மைதான். ஆனால் 42.8 சதவிகிதம் உள்ள குவார்ட்டரை 2003-லிருந்து அரசாங்கமே கல்லாவில் உட்கார்ந்து விற்கிறது. கலப்படத்துக்குப் பதில் கண்காணிப்பாக இருந்திருக்கலாம். கிடைத்ததென்னவோ எட்டு மடங்கு வீரியம்.

புழலுக்கு ப்ரூ பப் கேட்டு நான் மனுப் போடவில்லை. மதுவை அறவே ஒழிப்பேன் என்பவரோடு எனக்குச் சண்டையும் இல்லை. விற்பது என்று முடிவு செய்துவிட்டால், உட்கார இடம், மெதுவாகக் குடிக்கும் வீரியம், நாலு விதத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மரியாதை, இதெல்லாம் எண்ணூர் ஃபிட்டருக்கும் உண்டு என்கிறேன். ருசி பார்த்துக் குடிக்கிறவனுக்குப் போதும் என்று எழுந்திருக்கவும் கொஞ்சம் வாய்ப்பிருக்கிறது.

பில் வந்தது. நாலாகப் பிரித்தும் கனமாகத்தான் இருந்தது. ஃபிட்டர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாத்தியாரைக் கேட்டார்:

'அந்த வலைக்காரர் வூட்ல கிளாஸ் எவ்ளோ வாத்தியாரே?'

'வழிப்போக்கனுக்கு இலவசம். மீனும் சேர்த்து.'